எலிப் பல் சொன்ன காலக் கணக்கு

மாட்டுக்கு விலை பேசுவோர் முதலில் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பர். பல் வயதைக் காட்டும் என்பது உழவர் கண்ட உண்மை. மண்ணின் வயதையும் பல்லைக்கொண்டு அறியலாம் என்றால் நம்மிற் பலர் வியப்படைவோம். அதுவும் யானைப் பல்லன்று, எலிப் பல்!

நிலத்தின் அடியிற் கிடைக்கும் கல்லாயுதம் தன் வயதைத் தானே கூறுவதில்லை. கதிரியக்கக் கரியைக்கொண்டு காலங் கணிக்கும் முறை ஏறக்குறைய 50,000 ஆண்டுகளுக்கு அப்பாற் பயன்படாது. எரிமலைச் சாம்பல் படிந்த இடங்களில் அச்சாம்பலின் வயதைக் கணிக்கலாம். இங்கிலாந்தின் பழைய ஆற்றுப் படிவுகளில் அவ்வசதியும் இல்லை. ஆகவே, அந்நாட்டுக்கு மனிதன் முதன்முதல் வந்தது எப்பொழுது என்னும் வினா நெடுங்காலம் தீராதிருந்தது. அங்கேதான் எலி துணைக்கு வந்தது.

‘வோல்’ என்பது ஐரோப்பாவில் வாழும் எலியையொத்த சிறு பிராணி. மழுங்கிய மூக்கும் குறுகிய வாலும் உடையது. நீர்க்கரையில் வாழும் வோலுக்குப் புல்லே முதன்மையான உணவு. புல்லை ஓயாது அரைப்பதாற் பல் தேயும். ‘மிமோமிஸ்’ என்னும் பழைய இனத்தின் கடைவாய்ப் பற்களுக்கு வேர் உண்டு. வேர் முற்றியதும் பல்லின் வளர்ச்சி நின்றுவிடும். அதன் வழிவந்த ‘ஆர்விகோலா’ இனத்துக்கோ வேரே இல்லை; தேயத் தேயப் பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருக்கும். ஆதலால், ஒரு மண்படையிற் கிடைக்கும் பல்லுக்கு வேர் இருந்தால் அப்படை முந்தியது; இல்லையேற் பிந்தியது. ஆராய்ச்சியாளர் இதனை ‘வோல் கடிகாரம்’ என்பர்.

எலிகள் விரைந்து பெருகுவன. தலைமுறைகள் விரைவில் மாறுவதால் உடலமைப்பின் மாற்றமும் விரைவிற் புலனாகின்றது. ஆந்தை அவற்றை விழுங்கி, எலும்பையும் மயிரையும் உருண்டையாக உமிழ்வதால் ஒரே இடத்திற் பற்கள் குவிந்தும் கிடைக்கும். மண்ணை நீர்விட்டு நுண்ணிய அரிதட்டிற் சலித்தால் நொய்யரிசி போன்ற பற்கள் எஞ்சும். பல் தட்பவெப்பத்தையும் உணர்த்தும்: லெமிங் என்னும் எலியின் பற்கள் மிகுந்திருந்தால் அது கடுங்குளிர்க் காலம்.

தென் இங்கிலாந்தின் பொக்ஸ்குரோவ் என்னுமிடத்திற் கல்லாயுதங்களுடன் கிடைத்தவை வேரற்ற பற்கள். அவ்விடத்தின் வயது சுமார் 5,00,000 ஆண்டுகள். அதற்கு மிக முற்பட்ட காலத்தில் மனிதன் அங்கு வந்திருத்தல் அரிது என்றே பலர் எண்ணினர். 2005-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று அவ்வெண்ணத்தை மாற்றியது. கிழக்குக் கரையிலுள்ள பேக்பீல்டில், மனிதன் செதுக்கிய 32 தீக்கற்கள் கிடைத்த படைகளில் மிமோமிஸின் வேருள்ள பற்களும் இருந்தன. பாறையிற் பதிந்த காந்தத் திசை முதலிய பிற சான்றுகளையும் சேர்த்து நோக்கியபோது அக்கற்களின் வயது சுமார் 7,00,000 ஆண்டுகள் எனத் தெரிந்தது. நீர்யானையின் எலும்பும் அங்கே கிடைத்தமையால், அன்று இங்கிலாந்தின் மாரிக்காலம் இதமாயிருந்தது என்பதும் விளங்கிற்று.

ஆயினும் பல் மட்டும் ஆண்டுக் கணக்கைச் சொல்லிவிடாது. முந்தியது எது, பிந்தியது எது என்பதையே அது காட்டும். எல்லா நாடுகளிலும் அம்மாற்றம் ஒரே வேளையில் நிகழ்ந்ததென்று கொள்ளவும் இயலாது. ஆதலால் அறிஞர் ஒரு சாட்சியோடு அமைவதில்லை. பல சாட்சிகளையும் ஒப்பிட்டே தீர்ப்புக் கூறுவர்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது நம் முதுமொழி. ஈண்டுச் சிறு பல்லே மனித வரலாற்றின் கணக்கை 2,00,000 ஆண்டுகள் பின்னோக்கி நகர்த்த உதவியது.