மானுக்கு ஓர் ஓரம்



மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சின்னத்தில் இருப்பது கிஜாங் மான். 2001இல் வந்த தங்க நாணயத்துக்கும் அதன் பெயரையே வைத்தார்கள். இத்தனை மரியாதை பெற்ற மானுக்கு, பேராக்கின் தோட்டப்புறங்களில் மேய ஓர் ஓரம் கிடைப்பதுதான் பாடாக இருக்கிறது.

மான் நடுக்காட்டு விலங்கு என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் ரூசா என்னும் கடமானுக்கும் கிஜாங்குக்கும் காட்டின் விளிம்பே தோதான இடம்: புல்லும் இளந்தழையும் உண்டு, ஆறு பக்கத்தில், பகலில் பதுங்கப் புதர். ரப்பருக்குப் பின் வந்த செம்பனையை ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒருமுறை சாய்த்து மறுநடவு செய்கிறார்கள். அப்போது மண்ணை மூடப் போடும் பயற்றுக்கொடி தளிர்த்தால், மான் தேடி வரும். பன்றிக்கென்று மாட்டிய கம்பிக் கண்ணி அதையும் விடாது. கண்ணி வைப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

இது மானோடு முடிகிற கதையும் அல்ல. தீபகற்ப மலேசியாவில் 150க்கும் குறைவான புலிகளே மிச்சம் என்று 2022இல் தெரியவந்தது. பேலும்-தெமெங்கோர் காட்டுப் புலிக்கு ஒரு கடமான் கிடைத்தால் பல நாள் பசி தீரும். சுங்காயில் வனவிலங்குத் துறை கடமான்களை வளர்ப்பது நல்ல காரியம். ஆனால் வெளியே வாழ இடம் இல்லையென்றால் வளர்த்து என்ன பயன்?

செம்பனை வைத்திருக்கும் நம்மவர்கள் செய்யக்கூடியது எளிது. ஆற்றின் அகலத்துக்கேற்ப 5 முதல் 50 மீட்டர் வரை கரையோர ஒதுக்கு நிலம் விட வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள விதி. அங்கே கன்று நடாமல், களைமருந்து அடிக்காமல் விட்டாலே மான் நடமாட வழி கிடைக்கும். இளங்கன்றைக் கடித்துவிடுமே என்ற கவலை நியாயமானது. கன்றைச் சுற்றிக் கம்பி வலை போடுங்கள், கண்ணி வேண்டாம். மான் கறி வாங்குவோர், பண்ணை மானா காட்டு மானா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்தக் காலத்தில் பால்வெட்டப் போனபோது மான் கண்ட அனுபவங்களைத் தோட்டம், ஆண்டு குறித்து எங்களுக்கு எழுதுங்கள்; வெளியிடுகிறோம். இன்று மான் நடமாடும் இடம் தெரிந்தால் மட்டும் எங்களுக்கு எழுதாதீர்கள். அச்சில் வந்தால் வேட்டைக்காரனுக்கு வழி சொன்னதாகிவிடும். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்