கண்டுபிடித்தால் மட்டும் போதாது

கரிசல் காட்டில் முதுமையின் உபாதைகளை நோயாக எண்ணும் வழக்கம் வெகுகாலம் இல்லை. கண் மங்கினாலும் கால் வீங்கினாலும் 'வயசானா அப்படித்தான்' என்ற ஒரே பதில். மழையை நம்பிக் கம்பும் பருத்தியும் விதைத்த மானாவாரிக் குடும்பங்களில், படுக்கையில் விழுந்த பிறகே டாக்டர் நினைவுக்கு வந்தார்.

அரசின் கவலையும் அன்று வேறாக இருந்தது. நாட்டுக்கே முன்னோடியான 1939-ம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் முதன்மையாகத் தொற்றுநோயையும் சுகாதாரக் கேட்டையும் எதிர்த்து எழுதப்பட்டது. காலரா ஓய்ந்து ஆயுள் நீண்டபோது, சத்தமில்லாமல் வளரும் நோய்கள் முன்னுக்கு வந்தன.

அவற்றுள் ஒன்றான கண்புரையைத் தேடிக் கிராமத்துக்கே போனவர் இந்த மண்ணின் பிள்ளை. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களைப் பழக்கிக் கண் அறுவை செய்தார். 1960-களில் அரசு மருத்துவராகக் கண் முகாம்களை நடத்தினார். ஓய்வு பெற்ற 1976-ல், மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

ஆனால், முகாம் போட்டதும் எல்லோரும் வந்துவிடவில்லை. அரவிந்த் முகாம்கள் நடந்த கிராமங்களில் செய்து 1999-ல் வெளியான ஆய்வு ஒன்றில், கண் கோளாறு உள்ள 100 பேரில் 7 பேர்கூட முகாமுக்கு வந்திருக்கவில்லை. பஸ் காசு, சாப்பாட்டுச் செலவு, துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலி எல்லாம் குறுக்கே நின்றன. புரை இருப்பவர்களை முகாமிலிருந்தே பஸ்ஸில் அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, அறுவை முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடும் முறை இந்தத் தடைகளைத் தாண்டவே உருவானது. சிகிச்சைக்கு வழியில்லாத பரிசோதனையால் பயனில்லை என்பதை, 1968-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் எழுதிய நெறிகளும் சொல்கின்றன.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் அந்த வழியில் வந்ததே. வீட்டு வாசலிலேயே பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள்; மாத்திரையும் வீடு தேடி வருகிறது. 2024-ல் இத்திட்டம் ஐ.நா. விருதும் பெற்றது. இது பெரிய சாதனை. ஆனாலும் வாசலில் பார்த்த அளவு கூடுதலாக இருந்தால், அடுத்து கண்ணின் விழித்திரையை, சிறுநீரகத்தை, பாதத்தை யாராவது பார்த்தாக வேண்டும். தீப்பெட்டி ஆபீசில் ஆயுளெல்லாம் குச்சி அடுக்கிய பாட்டி, வேலை கெடும் என்று மகனைக் கூப்பிடத் தயங்குவார். அவரைக் கோவில்பட்டி அரசு மருத்துவமனைவரை அழைத்துப்போகவும், திரும்பி வந்தபின் விடாமல் விசாரிக்கவும் ஓர் ஆள் வேண்டும்.

அந்தப் பொறுப்பு குடும்ப டாக்டருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் உரியது. 60 வயது கடந்த ஒவ்வொருவருக்கும் ஊர்வாரியாகப் பதிவேடு வேண்டும். எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்பதோடு, எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்பதும் அதில் ஏற வேண்டும். பரிசோதனைக்குப் போகும் நாளில் முதியவருக்கும் துணைக்கு வருபவருக்கும் பயணச் செலவை அரசு ஏற்க வேண்டும். பிள்ளைகள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு: அப்பா, அம்மா 'எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்' என்று சொல்லும்போதே அவர்களை டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.