காட்டுப்பன்றிக்குத் தீனி போடுவது தோட்டம்தான்

செம்பனைத் தோட்டங்களிலும் காட்டை ஒட்டிய தாமான்களிலும் காட்டுப்பன்றித் தொல்லை ஓயவில்லை. மறுநடவு செய்த கன்றுகளைத் தோண்டிக் குருத்தைத் தின்கின்றன. இரவில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புவோர் பன்றிமீது மோதி விழுவதும் உண்டு. குட்டியோடு இருக்கும் தாய்ப்பன்றி ஆளைக் கண்டால் பாயும்.

ஆனால் இவை பெருக யார் காரணம்? மரத்தடியில் பொறுக்காமல் கிடக்கும் உதிரிப் பழம் ஆண்டு முழுவதும் விருந்தாகிறது. வயிறு நிறைவது தோட்டத்தில். குட்டி போடுவது காட்டில். நெகிரி செம்பிலான் பாசோ காட்டில் நடந்த ஆய்வு இதைத்தான் காட்டியது: ஈனும் பன்றிகள் கூடு கட்ட இளமரங்களை ஒடிப்பதால் அங்கே காடே மெலிகிறது.

2021-இல் சபாவில் உறுதியான ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் பண்ணைகளைக் காலி செய்துவிடும். செத்த பன்றியைத் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

சிலர் கண்ணி வைக்கிறார்கள். 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். புலியும் அதில் சிக்கும். சுடுவதற்கும் பெர்ஹிலித்தான் உரிமம் வேண்டும். பழம் பொறுக்க ஆள் இல்லை என்பது நிர்வாகங்களின் வழக்கமான பதில். பழமும் போய், கன்றும் போன பிறகு, அந்தக் கூலி அப்படியொன்றும் பெரிதாகத் தெரியவில்லை.