கொடுத்து வைக்கவில்லையா, கெடுத்து வைத்தோமா?



லண்டனில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர், நண்பர்களோடு நாலு நாள் தேம்ஸ் நதியில் படகில் போன படங்களை நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். வின்ட்சர் கோட்டை, ஹென்லி, அபிங்டன், ஆக்ஸ்போர்டு என்று வரிசையாகப் பழைய ஊர்கள். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. கீழே வந்த பதில்கள்தான் உறுத்தின. "இதெல்லாம் நமக்குக் கொடுத்து வைக்கலை சார்" என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள்.

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நமக்கும் கொடுத்துதான் வைத்திருந்தது. 1930களில் பாரதிதாசன் தோழர்களோடு சென்னையில் தோணி ஏறி, பக்கிங்காம் கால்வாய் வழியாகவே மாமல்லபுரம் போனார். 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதை அந்தப் பயணத்தில் பிறந்ததுதான். பல்லவர் துறைமுகம் வின்ட்சருக்கு எதில் குறைச்சல்?

அந்தக் கால்வாயை 1806இல் வெட்டத் தொடங்கினார்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில், பட்டினி கிடந்த ஜனங்கள் கூலிக்கு மண் சுமந்துதான் கூவத்தையும் அடையாற்றையும் அதில் இணைத்தார்கள். உப்பும் விறகும் தோணியில் வந்தன. 1965, 66 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன, உண்மைதான். ஆனால் சாக்கடையைத் திருப்பி விட்டது புயலா? பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே நட்டது புயலா? 2008இல் தேசிய நீர்வழி என்று அறிவித்தார்கள். சென்னைக்குள் இன்றும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் அதைக் கடக்கிறோம்.

"வெள்ளைக்காரன் ஊர் ஆறு சுத்தமாகத்தானே இருக்கும்" என்பவர்கள் கொஞ்சம் வரலாறு படியுங்கள். 1858 கோடையில் தேம்ஸ் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றத் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் கலவையில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அதன்பிறகுதான் சட்டம் போட்டு, பணம் ஒதுக்கி, பாசல்ஜெட் என்ற பொறியாளரை வைத்து லண்டனுக்குப் பாதாளச் சாக்கடை கட்டினார்கள். அப்படியும் 1957இல், லண்டன் பகுதி தேம்ஸில் உயிரே இல்லை என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். மறுபடி கழிவுநீர் நிலையங்களைச் சீர்செய்தார்கள். மீன் திரும்பி வந்தது. இன்றும் அங்கே கழிவு கலக்கிறது. ஆனால் ஜனங்கள் விடாமல் சண்டை போடுகிறார்கள். அந்த ஆறு அவர்களுக்கு அதிர்ஷ்டத்தில் கிடைத்ததல்ல.

நாம் என்ன செய்கிறோம்? கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் திருமானூர்ப் பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறோம். வெள்ளம் வடிந்த பிறகு, மணல் எங்கே போனது என்று கேட்பதில்லை. நம் ஊர் ஏரிக்கு வரும் வாய்க்காலில் கோழிக் கழிவைக் கொட்டிவிட்டுப் போகிறவர் நமக்குத் தெரிந்தவராகத்தான் இருக்கிறார். தெரிந்தவர் என்பதாலேயே வாயை மூடிக்கொள்கிறோம்.

குரும்பலூரில் படகு விடச் சொல்லவில்லை. வரத்து வாய்க்காலில் தண்ணீர் தண்ணீராக வரட்டும் என்றுதான் சொல்கிறேன். அதற்கு முதலில் கொட்டுகிறவரை நேரில் கேளுங்கள். அடுத்து வார்டு கவுன்சிலரைக் கேளுங்கள். இரண்டையும் செய்த பிறகு, "கொடுத்து வைக்கலை" என்று என்னிடம் வந்து சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.