கழட்டிப் பார்க்காம விலை சொல்லாதீங்க

சந்தையில மாடு வாங்குறவன்கூட பல்லைப் பிடிச்சுப் பார்த்துட்டுத்தான் விலை பேசுவான். ஆனா பழைய பெட்ரோல் அம்பாசிடர் ஒன்று இழுவை குறைந்து, சைலன்சர்ல புஸ் புஸ்னு விட்டுக்கிட்டு வந்து நின்னா, பானெட்டைத் தூக்கின அஞ்சாவது நிமிஷமே "இன்ஜின் போச்சு சார், எடைக்குப் போட்டுடுங்க" என்கிறார்கள். நகரத்து ஆட்களும் சரின்னு தலையாட்டிட்டு வந்துடுறீங்க. பார்த்தது என்ன? ஒண்ணும் பார்க்கலை.

பார்க்க வேண்டியது சுலபம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவா காட்டுதா? அதுக்குள்ள ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் ஊத்தி மறுபடி பாருங்க. ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் கோளாறு ஹெட்டில், அதாவது வால்வில். அதுக்கு முழு இன்ஜினும் எதுக்குச் சாகணும்?

இந்த 1489 சிசி இன்ஜினோட ஹெட் வார்ப்பிரும்பு. பழைய வண்டிகளில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் சீட்டை ஹெட்டிலேயே கடைந்திருப்பார்கள், தனி வளையம் கிடையாது. பெட்ரோலில் ஈயம் இருந்த காலத்தில் அந்த ஈயப் படிவுதான் சீட்டுக்கு மெத்தை. 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்துவிட்டது. நல்லதுதான், ஈயம் குழந்தைங்களுக்கு விஷம், அதுல எனக்கு வழக்கில்லை. ஆனா மெத்தை போனதும் சூட்டில் வால்வு அடித்து அடித்து சீட் குழிவிழும். வால்வு உள்ளே ஏற ஏற டாப்பெட் இடைவெளி குறையும். டாப்பெட் சத்தமே இல்லை, வண்டி அமைதியா இருக்குன்னு சந்தோஷப்படுறாங்க பாருங்க, அப்பத்தான் வால்வு முழுசா மூடாம கருகிக்கிட்டு இருக்கும்.

ஹெட்டைக் கழட்டுறது வீட்டு வாசல்ல செய்யுற வேலைதான். இன்ஜின் நன்றாக ஆறியிருக்கணும். தண்ணீரை வடித்துவிட்டு, நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தணும். புஷ் ராடுகளை ஒரு அட்டையில் ஓட்டை போட்டு வரிசை மாறாமல் குத்தி வையுங்க. கரியைச் சுரண்டிட்டு, நேரான இரும்புப் பட்டையும் ஃபீலர் கேஜும் வைத்து ஹெட் வளைந்திருக்கான்னு பாருங்க.

சீட் வெட்டுவது மட்டும் வீட்டு வேலை இல்லை. குழிவிழுந்த இடத்தைக் கடைந்து, கெட்டியான எக்ஸாஸ்ட் சீட் வளையத்தை இறுக்கி ஏற்ற நல்ல லேத் பட்டறை வேணும். வால்வு கைடு ஆட்டம் இருந்தா அதையும் அங்கேயே மாத்திடுங்க. இதுதான் உண்மையான மேம்பாடு. வீடியோவைப் பார்த்துட்டு போர்ட்டைக் கண்ணாடி மாதிரி கிரைண்டர் போட்டுத் தேய்க்கிற பசங்களும் இருக்காங்க. கொஞ்சம் அதிகமாத் தேய்ச்சா தண்ணி ஓடுற அறைக்குள்ள ஓட்டை விழும், அப்புறம் அது ஹெட் இல்லை, பழைய இரும்பு. "எல்லாத்தையும் நானே செய்வேன்" என்பதும், "எதையும் உன்னால செய்ய முடியாது" என்பதும் எனக்கு ஒரே பொய்தான்.

லேத்திலிருந்து வந்ததும் வால்வை நீங்களே லேப்பிங் பேஸ்ட் போட்டுத் தேயுங்க, முதலில் சொரசொரப்பானது, பிறகு நைசானது. சுற்றிலும் விட்டுப்போகாத சாம்பல் நிறக் கோடு வரணும். பேஸ்ட்டை மிச்சமில்லாமக் கழுவி, வால்வுகளை ஸ்பிரிங்கோட மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து வைச்சு ஒவ்வொரு குழியிலும் மண்ணெண்ணெய் ஊத்துங்க. கொஞ்ச நேரம் கழித்து போர்ட்டுக்குள் விரல் விட்டால் ஈரம் இருக்கக்கூடாது. இந்தச் சோதனையை உங்க கண் முன்னால செய்யச் சொல்லி எந்த ஒர்க்‌ஷாப்பிலயாவது கேட்டிருக்கீங்களா? கேளுங்க. முகம் மாறினா வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்துடுங்க.

செலவு என்ன? கேஸ்கெட் செட், பேஸ்ட், எக்ஸாஸ்ட் வால்வு, லேத்துக் கூலி. அதுகூட ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு டார்க் ரென்ச். மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு இறுக்குங்க. கொஞ்ச நாள் ஓட்டிட்டு, நட்டையும் டாப்பெட்டையும் இன்னொரு தடவை பார்த்துடுங்க.