இல்லமும் கருவியும்: அடிக்கடி அறுந்துபோகும் தொலைக்காட்சி

இந்தியாவில் தொலைக்காட்சி முதன்முதலில் தோன்றிய நகரம் நம் டில்லி. 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் இங்கே ஒளிபரப்புத் தொடங்கிற்று. சென்னை மக்கள் 1975 ஆகஸ்டு 15 வரையில் காத்திருந்தனர். ஆனால் டில்லித் தமிழருக்குப் பெட்டி முன்னே வந்தது. தமிழ் பின்னேதான் வந்தது. 1993-இல் சன் தொலைக்காட்சியும் அதன் பின் பிறவும் தோன்றிய பிறகே, நாள்தோறும் வீட்டுக் கூடத்தில் தமிழ் ஒலிப்பது எளிதாயிற்று. இன்று அந்தத் தமிழ் பல இல்லங்களுக்கு இணையத்தின் வழியே, சிறியதொரு பெட்டியின் மூலமாக வருகிறது.

அந்தப் பெட்டி நின்றுவிட்டால் யாருக்குக் குறை? அலுவலகம் செல்வோருக்கும் பள்ளி செல்வோருக்கும் அஃது ஒரு பொருட்டன்று. பகலெல்லாம் வீட்டில் தனித்திருக்கும் பெரியவர்களுக்கே அது பெருங்குறை. இந்தி அறியாத அன்னையார் ஒருவருக்குப் பிற்பகலில் பேச்சுத்துணை அந்தத் திரையே. 'வைஃபை இணைப்பு இல்லை' என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்புத் தோன்றினால், அவர் என்ன செய்வார்? மாலையில் மகன் வரும்வரை இருண்ட திரையைப் பார்த்திருப்பார். ஆகவே இம்மாதம் இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டோம்.

இரண்டு மூன்று அறைகளுக்கும் அலை எட்டவேண்டும் என்பதற்காக நம்மவர் பலர் 'மெஷ்' எனப்படும் வைஃபை அமைப்பை வாங்குகின்றனர். தலைமைக் கருவி ஒன்று, துணைக் கருவிகள் ஒன்றோ இரண்டோ. எல்லாவற்றிற்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். கையில் தொலைபேசியுடன் நாம் அறைக்கு அறை நடக்கும்போது, அது ஒரு கருவியை விட்டு மற்றொன்றைப் பற்றிக்கொள்ளும். நகரும் பொருளுக்கு இது மிகச் சௌகரியமான ஏற்பாடு. தொலைக்காட்சிப் பெட்டியோ நகராத பொருள். அதையும் இந்த அமைப்பு நகரும் பொருளைப்போலவே நடத்துகிறது என்பதில்தான் தொல்லை பிறக்கிறது. அருகிலுள்ள துணைக் கருவியை விட்டுத் தொலைவிலுள்ளதைப் பெட்டி பற்றிக்கொள்வதுண்டு. 'உனக்கு வேறு கருவி நல்லது' என்று கருதி மெஷ் அமைப்பே பெட்டியின் இணைப்பைத் துண்டிப்பதும் உண்டு. தொலைபேசி உடனே மறு கருவியைத் தேடிக்கொள்ளும்; பழைய பெட்டிகள் சில அதில் தடுமாறி நின்றுவிடும். பெட்டி கெட்டுவிட்டதென்று புதிதாக வாங்குவோர், புதிய பெட்டியிலும் அதே தொல்லையைக் காண்பது இதனாலேயே.

பணம் செலவழிக்குமுன் மூன்று நாள் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் அறுந்தது? அப்போது அதே அறையில் தொலைபேசிக்கு வைஃபை இருந்ததா? திரையில் 'வைஃபை இல்லை' என்று வந்ததா, 'வைஃபை உண்டு, இணையம் இல்லை' என்று வந்ததா? பெட்டி மட்டும் அறுந்தால் குறை பெட்டிக்கும் அதன் அலைக்கும் இடையே உள்ளது. வைஃபை இருந்தும் இணையம் இல்லையெனில், துணைக் கருவிக்கும் தலைமைக் கருவிக்கும் இடையே இருக்கக்கூடும். வீடு முழுவதும் நின்றால் இணைய நிறுவனத்தின் கம்பியையோ மின்சாரத்தையோ பார்க்கவேண்டும். கோடையில் மின்சாரம் போய் இன்வெர்ட்டர் ஏற்கும்போது, இன்வெர்ட்டர் இணைப்பில்லாத பிளக்கில் செருகிய துணைக் கருவி அணைந்துவிடும். எல்லாக் கருவிகளும் இன்வெர்ட்டர் பிளக்கில் உள்ளனவா என்பதை முதலில் பாருங்கள்.

அடுத்தது பெட்டிக்குக் கிடைக்கும் மின்சாரம். விரலளவான 'ஸ்டிக்' வகையைப் பலர் தொலைக்காட்சியின் யுஎஸ்பி துளையிலேயே செருகிவிடுகின்றனர். சாதாரண யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர்; ஸ்டிக்குகள் பலவற்றுக்கு 1 ஆம்பியர் வேண்டும். உடன் வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் செருகினாலே சில இல்லங்களில் குறை தீர்ந்துவிடும். ஸ்டிக் தொலைக்காட்சியின் உலோக முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தால் அலை தடைப்படும். குட்டையான எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கம்பியால் அதைச் சற்று வெளியே கொண்டுவரலாம்.

மூன்றாவது துணைக் கருவியின் இடம். அலை எட்டாத அறையிலேயே அதை வைப்பது பலரின் வழக்கம். அலையே எட்டாத இடத்தில் அது எதைப் பெற்று எதைக் கொடுக்கும்? தலைமைக் கருவிக்கும் அந்த அறைக்கும் நடுவழியில் அது நிற்கவேண்டும். பழைய குடியிருப்புகளின் 9 அங்குலச் செங்கற்சுவர், இரும்புப் பீரோ, குளிர்ப்பெட்டி ஆகியவை அலையை விழுங்குவன. அவற்றின் மறைவில் வைக்கலாகாது.

துணைக் கருவி கம்பியின்றித் தலைமைக் கருவியோடு பேசுவதில் இன்னொரு நுட்பம் உண்டு. ரயில்வேயில் ஒற்றைத் தண்டவாளப் பாதையை நேயர்கள் அறிவர். இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் ஒரு வண்டி கடந்த பிறகே மற்றொன்றை விடுவோம். வைஃபை அலையும் அத்தகையதே. ஒரு சானலில் ஒரு சமயம் ஒருவரே பேசலாம். பெட்டியுடன் பேசுவதும் தலைமைக் கருவியுடன் பேசுவதும் ஒரே சானலில் நடந்தால், கிடைக்கும் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அண்டை வீட்டார் அனைவரும் அதே பாதையில் வண்டி விடுகின்றனர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005 முதலும், 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதி 2018 முதலும் நம் நாட்டில் உரிமமின்றி எவரும் உபயோகிக்கத் திறந்துவிடப்பட்டவை. அடுக்குக் குடியிருப்பில் அவை நெரிசலாவதில் வியப்பில்லை. 2.4-இல் ஒன்றையொன்று இடிக்காத சானல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில் இயங்குவது. சமையல் வேளையில் மட்டும் படம் நின்றால் காரணம் அதுவாகலாம்; அப்போது பெட்டியை 5-க்கு மாற்றுங்கள். 5-இல் 52 முதல் 144 வரையுள்ள சானல்கள் ராடாருடன் பங்கிட்டுக்கொள்ளப்படுவன. ராடார் ஒலித்ததாகக் கருதினால் பல கருவிகள் உடனே சானலை மாற்றும். அந்த மாற்றத்தில் பெட்டி அறுந்துபோகும். 36 முதல் 48 வரையுள்ள சானல்களில் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து, மெஷ் செயலியில் செய்யவேண்டியவை. பெட்டியை ஒரே துணைக் கருவியுடன் கட்டிவைக்கும் வசதி இருந்தால் அவ்விதமே செய்யுங்கள். கருவி விட்டுக் கருவி விரைந்து தாவச்செய்யும் 'ஃபாஸ்ட் ரோமிங்' வசதியைப் பெட்டியின்பொருட்டு அணைத்துப் பாருங்கள். கடவுச்சொற் காப்பு முறை டபிள்யூபிஏ3 என்றிருந்தால் பழைய பெட்டிகளுக்கு ஒவ்வாதிருக்கலாம், டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள். இணைய நிறுவனம் தந்த ரௌட்டரின் வைஃபை தனியே ஓடிக்கொண்டிருந்தால் அதை அணையுங்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு தலைவர்கள் வேண்டாம். ஒரு நாளில் ஒரு மாற்றமே செய்வது நலம். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றினால் எது தீர்த்தது என்பதை அறியமாட்டோம். தொல்லை திரும்பி வந்தால் மீண்டும் முதலிலிருந்து தேடவேண்டும்.

இவ்வளவும் செய்யப் பொறுமையில்லாதவர்க்கும், செய்தும் பலன் காணாதவர்க்கும் சிறந்த வழி ஒன்று உண்டு. அது லேன் கேபிள். பெட்டியில் லேன் துளை இருந்தால் துணைக் கருவியிலிருந்து ஒரு கேபிளை இழுத்துச் செருகிவிடுங்கள். ஸ்டிக் வகைக்கு இதற்கெனத் தனி அடாப்டர் விற்கிறார்கள். பெட்டியிலுள்ள துளை 100 மெகாபிட் வேகமே உடையதாயினும் கவலையில்லை; 4கே படத்துக்கே 25 மெகாபிட் போதும். கேபிளில் வந்தபின் பெட்டி தாவுவதுமில்லை. அண்டை வீட்டு அலையோடு அது மோதுவதுமில்லை. தலைமைக் கருவிவரை கேபிள் போடமுடிந்தால் இன்னும் உத்தமம். கதவோரமாகச் சுவரடியில் ஓடும் கேபிள் கண்ணுக்கு அத்தனை அழகாயிராது என்று இல்லத்தரசியார் சொல்லக்கூடும். வெள்ளைப் பட்டை வைத்து மூடிவிடலாம்.

நகரும் பொருளுக்கு அலை, நகராத பொருளுக்குக் கம்பி என்பதே நம் அபிப்பிராயம். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி இதைச் செய்து பாருங்கள். செய்தபின், பெட்டியை அணைத்து மீண்டும் ஏற்றுவது எவ்வாறு என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதித் தொலைக்காட்சியின் அருகில் ஒட்டிவையுங்கள். பகலில் வீட்டிலிருக்கும் பெரியவர்கள் எவரையும் எதிர்பாராமல் தாமே அதைச் செய்துகொள்வார்கள்.