கண்ணிழந்த பின் எல்லை எதற்கு?

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் நம் கரையோர ஊர்களில், பார்வை குன்றி வீட்டு மூலையில் ஒடுங்கியிருப்போரைக் காணும்போதெல்லாம் "தலைவிதி" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றோம். தலைவிதியா? உலகில் பார்வைக் குறைவுற்ற 220 கோடி மக்களுள் குறைந்தது 100 கோடிப் பேரின் குறை தடுத்திருக்கக் கூடியது, அல்லது இன்னும் தீர்க்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவித்தது. தீர்க்கக் கூடியதைத் தீர்க்காது விடுவதற்கு விதி என்று பெயரன்று. அசட்டை என்பதே பெயர்.

நம் உழவனை எடுத்துக்கொள்வோம். நாட்டுக்குச் சோறிடும் மாவட்டம் அம்பாறை என்று மேடைதோறும் முழங்குகின்றார்கள். அந்தச் சோற்றை விளைவிப்பவன் வேளாண்மை வெட்டும்போது நெற்றாள் கண்ணிலே கீறுகின்றது; சூடடிக்கும்போது உமியும் சுணையும் தெறிக்கின்றன. கீறல் சிறிது. ஆனால் அதன் வழியே பூஞ்சணம் கருவிழிக்குள் புகுந்துவிட்டால், சில நாட்களில் சாம்பல் வெள்ளையாய்ப் புண் தோன்றுகின்றது. அப்புண்ணைச் சிறிது சுரண்டி நுணுக்குக்காட்டியில் நோக்கினால் பெரும்பாலும் பகைவன் யாரென்று தெரிந்துவிடும். நேட்டமைசின் என்னும் துளிமருந்தை முதலில் மணிக்கொரு தரம் விட்டு, வாரக்கணக்கில் தொடர்ந்தால் பல கண்களைக் காக்கலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பங்குகொண்டு 2013இல் வெளியான பரீட்சை, புதிய மருந்தாகிய வொரிகொனசோலைவிட இப்பழைய மருந்தே மேலானதென்று காட்டிற்று.

இங்கு நடப்பதென்ன? முதலில் முலைப்பால், பின்னர் பச்சிலைச் சாறு, அதன் பின் மருத்துவரைக் காணாமலே மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீரொயிட் துளி. அத்துளி சிவப்பைத் தணித்து நோயாளியை ஏமாற்றுகின்றது. உள்ளே பூஞ்சணத்தை வளர்க்கின்றது. அவன் வைத்தியசாலை வாசலை அடையும்போது கருவிழி துளைபட்டிருக்கும். இனி எஞ்சும் வழி, இறந்தோர் ஈந்த கருவிழியைப் பொருத்துவதே. டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடக்கிய கண்தானச் சங்கத்தின் வாயிலாக உலகின் பல நாடுகளுக்குக் கருவிழி ஈந்த நாடு இது. அந்நாட்டின் உழவன், காலத்தில் ஒரு துளி மருந்து கிடையாமல் கண்ணிழப்பது வெட்கக்கேடு அன்றோ?

பொதுவான நோய்களின் கதையும் இதுவே. கண்புரையால் மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தினால் பெரும்பாலோர்க்கு ஒளி மீளும். மருதமுனை நெசவாளிக்கு அது இழந்த தொழிலை மீட்டுத் தரும் சிகிச்சை. கண் அழுத்த நோயோ கள்வனைப்போல் வருவது. வலியின்றி நரம்பைத் தின்பது. தின்றது திரும்பாது, எஞ்சியதைத் துளிமருந்தாலும் லேசராலும் சத்திரசிகிச்சையாலும் காக்கலாம். நீரிழிவுக்காரருக்கு விழித்திரை கெடும். பார்வை நன்றாயிருக்கும்போதே ஆண்டுக்கொரு முறை கண்மணியை விரித்துப் பரிசோதித்தால் லேசராலும் ஊசிமருந்தாலும் தடுக்கலாம்.

அரிய நோய்களையும் மறத்தலாகாது. குழந்தையின் கண்மணியில் பூனைக்கண்போல் வெள்ளொளி தெரிந்தால் அது விழித்திரைப் புற்றாயிருக்கலாம். அன்றே ஓடினால் உயிரும், சிலவேளை கண்ணும் பிழைக்கும். இளமையில் மாலைக்கண்ணாய்த் தொடங்கிப் பார்வை குழாய்போல் ஒடுங்கும் பரம்பரை நோயொன்றும் உண்டு. நெருங்கிய உறவில் மணமுடிக்கும் நம்மிடையே அது தோன்றும் வாய்ப்பு மிகுதி. அதன் ஒரு வகைக்கு மட்டும் 2017இல் அமெரிக்கா அங்கீகரித்த மரபணுச் சிகிச்சைக்கு 2018இல் அறிவிக்கப்பட்ட விலை இரு கண்களுக்கும் 8,50,000 டொலர்! அதை நாம் கேட்கவில்லை. நுணுக்குக்காட்டியையும் துளிமருந்தையும் கேட்கின்றோம்.

கேட்பவர் யார்? 2017இல் சாய்ந்தமருது தனி உள்ளூராட்சி சபை கோரிக் கடையடைத்தது. 2019இல் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துமாறு உண்ணாவிரதம் நடந்தது. அதை எதிர்த்து மறுபுறம் எழுந்தது. எது நியாயம் என்ற வழக்கை இங்கே நாம் தீர்க்க வரவில்லை. ஆனால் கண்ணுக்காக எவர் கடையடைத்தார்? எவர் பட்டினி கிடந்தார்? கல்முனை என்னும் ஒரே நகரில் இரண்டு பெரிய அரச வைத்தியசாலைகள் உள்ளன. ஒன்றைத் தமிழர்க்கென்றும் மற்றதை முஸ்லிம்களுக்கென்றும் மனத்துள் வேலியிட்டு வைத்திருக்கின்றோம். நெற்றாள் கீறிய கண்ணுக்கு இனமுண்டோ? பூஞ்சணம் பெயர் கேட்டா புகுகின்றது?

பணமில்லை என்பார்கள். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய டாக்டர் கோ. வெங்கடசாமி, அரச சேவையிலிருந்து ஓய்வுபெற்ற பின் 1976இல் 11 கட்டில்களுடன் மதுரையில் அரவிந்தைத் தொடக்கினார். இயன்றவர் தந்த கட்டணத்தைக் கொண்டு ஏழைக்கு இலவசமாகக் கண் கொடுத்தார். வில்லையின் விலை தடையென்றபோது 1992இல் தம் நிறுவனத்திலேயே வில்லை செய்யத் தொடங்கினார்கள். இல்லாதது பணமன்று, மனம்.

ஆகவே நாம் கோருவன இவை. எந்த வைத்தியசாலையில் எந்தக் கண் சிகிச்சை, எந்த நாளில், எந்த மருந்தோடு கிடைக்கும் என்பதைச் சுகாதாரப் பகுதியினர் ஊரறியப் பட்டியலிடுக. அறுவடைக் காலத்தில் கண் காயம் பட்டவனை அன்றே காணும் ஆளும் இடமும் ஒவ்வொரு வேளாண்மைப் பற்றிலும் ஏற்படுத்துக. நேபாளத்துப் பக்தப்பூரில், கீறல் பட்டு 18 மணித்தியாலத்துள் களிம்பிட்டவர் எவர்க்கும் புண் உண்டாகவில்லை என 2001இல் எழுதினார்கள். அந்நாட்டில் பின்னர் நடந்த பெரிய பரீட்சையோ ஊரளவில் அப்பயனைக் காட்டவில்லை. எனவே களிம்பு மட்டும் போதாது. புண்ணைக் கண்டவுடன் மேல் வைத்தியசாலைக்கு அனுப்பும் ஒழுங்கும் வேண்டும். நீரிழிவுச் சிகிச்சை நிலையம் ஒவ்வொன்றிலும் கண் பரிசோதனை நடக்குக. மருத்துவர் சீட்டின்றி ஸ்டீரொயிட் துளி விற்பதைத் தடுத்திடுக.

படித்தோரே, இதனைப் பள்ளிவாசலிலும் கோயிலிலும் விவசாயிகள் சங்கத்திலும் எடுத்துரையுங்கள். உழவரே, சூடடிக்கும் களத்திற்குக் கண்ணாடி அணிந்து செல்லுங்கள். வாக்குக் கேட்டு வருபவனிடம் எல்லைக் கோட்டைப் பற்றிக் கேட்குமுன் கண்ணைப் பற்றிக் கேளுங்கள். எல்லைக் கல்லைக் காண்பதற்கும் கண் வேண்டுமே!